மழைக்குத் தாங்குற மாதிரி சுவர்ல கோலம் வரையணும், ஐடியா சொல்லுங்க

வணக்கம் மக்களே. நான் பாலக்காடு பக்கத்துல கஞ்சிக்கோடு. எங்க லைன் வீடுகள்ல பாதிப் பேர் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்கள். பார்த்தா சிரிப்போம், அவ்வளவுதான். போன கார்த்திகை மார்கழி வாக்குல ஒரு வியாழக்கிழமை, எதிர்வீட்டு அக்கா அரிசி மாவைக் கரைச்சு வாசல்ல லட்சுமி பாதம் வரைஞ்சாங்க. அதுக்குப் பேரு ஜோட்டியாம். அட, நம்ம மாக்கோலமேதான்! எங்கம்மா அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. பாஷையே இல்லாம ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் வரைஞ்சாங்க.

இப்ப காம்பவுண்டு சுவர்ல எல்லாரும் சேர்ந்து வரையலாம்னு இருக்கோம். ஓனர் சரின்னுட்டார். சிமெண்ட் பூச்சு, 20 அடி நீளம். பாலக்காட்டு மழைக்கு எந்தப் பெயிண்ட் தாங்கும்? பிரைமர் வேணுமா, சுண்ணாம்பு மேலயே வரையலாமா? அவங்ககிட்ட பேச ஒடியா பாஷை தெரிஞ்சவங்க ஒரு ஞாயிறு வர முடியுமா? (என் ஹிந்தியை நம்ப முடியாது.) டீயும் பழம்பொரியும் நம்ம செலவு.