உப்புத் தண்ணியில சர்க்கரை எதுக்கு?

தாராவிக்காரி:
சின்னவனுக்கு நேத்துலேருந்து வயித்தால போகுது, நாலு வயசு. 90 அடி ரோட்டுல ஒரு கடையில ஓஆர்எஸ், அதான் தண்ணியில கலக்கிக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட், கேட்டேன், பழப்படம் போட்ட ஜூஸ் டப்பா கொடுத்தாங்க. குடிச்சதும் இன்னும் ஜாஸ்தியாச்சு. சர்க்கரைதான் கெடுக்குது, வெறும் உப்புத் தண்ணி கொடுன்னு அத்தை சொல்றாங்க. அப்போ பாக்கெட்டுல சர்க்கரை ஏன் போடுறாங்க? ருசிக்கா?

செம்பூர் நர்ஸம்மா:
ருசிக்கு இல்லம்மா. உப்பை உள்ளே கூட்டிட்டுப் போறதே அதுதான். சிறுகுடல்ல ஒரு வாசல் இருக்கு, சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தாத்தான் விடும். அதுங்க பின்னாலயே தண்ணியும் போயிடும். காலராக் கிருமியோட விஷம் குடலைத் தண்ணியாக் கொட்ட வைக்கும், ஆனா அந்த வாசலை அதால அடைக்க முடியாது. 1960-ல் ராபர்ட் கிரேன்னு ஒரு விஞ்ஞானி இந்த ஜோடி வாசலைச் சொன்னார்.

அதை உயிர் காக்கும் மருந்தாக்கிக் காட்டினது 1971, வங்கதேசப் போர் அகதிகள் குவிஞ்ச மேற்கு வங்கத்துப் பன்காவ். அங்க காலரா பரவி, டிரிப் பாட்டில் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் டிரம்ல கரைச்சு வெச்சு, சொந்தக்காரங்க கையாலயே புகட்டச் சொன்னார். நூத்துக்கு முப்பதுன்னு இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிச்சு. வார்டுல நரம்பு கிடைக்காத குழந்தைக்கு டம்ளரும் கரண்டியுமா நான் உட்கார்ந்த ராத்திரியெல்லாம் அவரைத்தான் நினைச்சுக்குவேன்.

ஆனா அளவு முக்கியம். இப்போதைய பாக்கெட்டுல லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. ஜூஸ்ல சர்க்கரை பல மடங்கு. அது உடம்புத் தண்ணியைக் குடலுக்கு இழுக்கும், அதான் உன் பிள்ளைக்கு ஜாஸ்தியாச்சு. 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, லிட்டர் பாக்கெட்டும் உண்டு, படிச்சுப் பார்த்துக் கலக்கு. ஒரு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி வந்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடு. கண்ணு குழிவிழுந்தாலோ, ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

மாட்டுங்கா தம்பி:
அக்கா, எங்க ஆச்சி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி கொடுப்பாங்க. அது தப்பா?

செம்பூர் நர்ஸம்மா:
தப்பில்லப்பா. அரிசியோட மாவுச்சத்து குடல்ல கொஞ்சம் கொஞ்சமா குளுக்கோஸாகும், அதே வாசல்தான். உப்பு மட்டும் அள்ளிப் போட்டுடக் கூடாது.

தாராவிக்காரி:
லிட்டர் பாக்கெட் வாங்கி, தண்ணி பாட்டில்ல அளந்து கலக்கிட்டேன் அக்கா. அத்தைதான் மடியில போட்டுப் புகட்டினாங்க. இப்போ ஒண்ணுக்குப் போனான்.