போகிப் புகை: பீக் ஃப்ளோ மீட்டரால் முன்பே தெரியுமா?

கேள்வி: சென்னையில் போகி விடியலில் புகை தரையோடு தங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள 10 வயதுப் பெண்ணுக்கு மூச்சுக்குழாய் சுருங்குவதை, வீசிங் வரும் முன்பே பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் காற்றின் வேகத்தை அளக்கும் சிறு கருவி) பிடிக்கலாமா?

பதில்: பிடிக்கலாம். ஆனால் போகிக்கு முதல் நாள் வாங்கிப் பயனில்லை. நன்றாக இருக்கும் 2 வாரம் காலையும் மாலையும் ஊதி வந்த மிக உயர்ந்த எண்தான் அவளுக்கான அளவுகோல். முள்ளைக் கீழே இறக்கி, நின்றபடி மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். 3 முறை, சராசரி வேண்டாம், அதிகமானதையே எழுதுங்கள். நாக்கு துளையை அடைத்தாலோ, விரல் முள்ளைத் தடுத்தாலோ எண் தவறும். அவளுடைய அளவுகோல் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் டாக்டர் எழுதித் தந்த திட்டப்படி மருந்து. 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பதில்: தினசரித் தடுப்பு இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. காற்றுத் தரச் செயலி ‘திருப்திகரம்’ என்று காட்டினாலும் பி.எம். 2.5 என்ற நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வரம்பு 15தான்.

பதில்: ஈரக் கைக்குட்டை நுண்துகளை நிறுத்தாது. முந்தின இரவே ஜன்னலை அடையுங்கள். வெயில் ஏறிப் புகை கலைந்தபின் திறக்கலாம். அன்று வீட்டுக்குள் சாம்பிராணியும் வேண்டாம்.