புதுப்பிப்பு: இரும்புத் தூள் வில்லை விரிசல் விட்ட விஷயம்

13 மி.மீ. விட்டமுள்ள வட்ட அச்சில் இரும்புத் தூளை அழுத்தும்போது, வில்லையின் மேல்பகுதி மூடி போலக் கழன்று வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னீர்கள். கூட்டிப் பார்த்தேன், விரிசல் அப்படியேதான் இருந்தது. கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது: இந்த அச்சின் பரப்பு சுமார் 133 சதுர மி.மீ. 5 டன் கொடுத்தாலே ஏறத்தாழ 370 மெகாபாஸ்கல், 10 டன்னில் 740. அழுத்தத்துக்குக் குறைவே இல்லை.

சிக்கல் வில்லையை வெளியே தள்ளும் இடத்தில் இருந்தது. அழுத்தம் விலகியதும் உலோகம் கொஞ்சம் விரிகிறது. அச்சின் வாயைத் தாண்டிய பகுதி விரிந்துவிடுகிறது, உள்ளே இருப்பது இறுக்கத்திலேயே நிற்கிறது. அந்த எல்லையில்தான் பிளவு. வாய் விளிம்பு கூர்மையாக இருந்தால் இன்னும் மோசம்.

சரி, என்ன செய்தேன்? விளிம்பை லேசாகச் சாய்வாக்கி மெருகேற்றினேன். துத்தநாக ஸ்டியரேட் என்ற மசகுப் பொருளை இரும்புத் தூளில் கலக்காமல் அச்சுச் சுவரில் மட்டும் பூசினேன். கலந்தால் வில்லையின் பச்சை வலிமை (சூளையில் சுடும் முன் உள்ள வலிமை) குறையும். அப்புறம் அழுத்தத்தை மெதுவாக இறக்கி, மேல் தண்டின் லேசான பிடி இருக்கும்போதே வெளியே தள்ளினேன். இப்போது வில்லைகள் முழுசாக வருகின்றன!

உயரமான மாதிரி வேண்டுபவர்கள் இரு பக்கமும் அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால், சுவர் உராய்வால் எதிர்முனை அடர்த்தி குறைந்தே இருக்கும்.