கலைச்சொல் உதவி: மாட், பெய்லி (வியாழனுக்குள்!)

அனைவருக்கும் வணக்கம்.
சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இங்கிலாந்தின் ஃபாதரிங்கே கோட்டைக்குக் கூட்டிப் போகிறோம். மூன்றாம் ரிச்சர்ட் பிறந்ததும் (1452), ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை வெட்டப்பட்டதும் (1587) அங்கேதான். இன்று நேன் ஆற்றங்கரையில் புல் மூடிய மேடும் பள்ளமும் ஒரு சுவர்த்துண்டும்தான் மிச்சம். மேட்டுக்கு ‘மாட்’, அதையொட்டி வேலியடைத்த வளாகத்துக்கு ‘பெய்லி’ என்கிறார்கள். தமிழில் என்ன போட?

---

அம்மா, ‘மாட்’ நம் ‘மோடு’தான்! மோடு என்றால் உயர்ச்சி. ‘மோட்டரண்’ என்க.

---

ஐயா, பிள்ளைகள் ‘மோட்டார்’ என்று படிப்பார்கள். மாட் பழைய பிரெஞ்சுச் சொல். அகழியைக் குறிக்கும் ஆங்கில ‘மோட்’டும் அதிலிருந்து வந்ததே. மேட்டின் பெயர் பள்ளத்தில் விழுந்துவிட்டது.

---

நம் ‘கிடங்கு’ மட்டும் என்னவாம்? பழைய இலக்கியத்தில் அகழி, இன்று நெல்மூட்டை அடுக்கும் இடம். ‘கோடவுன்’ கூட அதிலிருந்து போனதுதான் என்பது என் கட்சி. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

---

வேண்டாம் ஐயா. ‘மண்ணரண்’ போதும். ‘மணிநீரும் மண்ணும் மலையும்’ என்று குறளே (742) சொல்கிறதே.

---

அந்த ‘மண்’ பரிமேலழகர் உரையில் வெட்டவெளி நிலம். குவித்த மண் அல்ல.

---

‘கோட்டைமேடு’ என்று எழுதிவிட்டுப் போங்களேன். யாருக்கும் விளக்க வேண்டாம்.

---

கூகுளில் தேடினால் கோயம்புத்தூர்க் கோட்டைமேடுதான் வரும்! தவிர, நம் கோட்டைமேடு கோட்டை இருந்த மேடு. நார்மன்காரர் மேடு கோட்டைக்காகவே குவித்தது. சுற்றிப் பள்ளம் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி, உச்சியில் மரக்கோபுரம் நட்டார்கள். 1066இல் அவர்கள் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே இப்படி எத்தனையோ எழுந்தன. ஆகவே ‘குவிமேடு’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

---

எதிர்காலத்தில் யார் வந்து குவிக்கப் போகிறார்கள்?

---

பெய்லிக்கு ‘முற்றம்’ சரிதானே?

---

லண்டன் ‘ஓல்ட் பெய்லி’ நீதிமன்றத்தைப் ‘பழைய முற்றம்’ என்பீர்களோ?

---

எல்லோருக்கும் நன்றி. ‘கோட்டைமேடு’, ‘கோட்டைமுற்றம்’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். குவிமேட்டை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்கிறேன்.

---

மோடு என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.