பிங்ஹாம் தேடிப் போன ஊர் மச்சு பிச்சுதானா?

புத்தகப்பூச்சி கேட்டது:
நேற்று ராத்திரி ஒரு ஆவணப்படம் பார்த்தேன். 1911 ஜூலை 24, தூறல், யேல் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஹிராம் பிங்ஹாம் உள்ளூர் விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறார், பெருவில் ஸ்பானியருக்கு முன் ஆண்ட இன்காக்களின் ஊரான மச்சு பிச்சு கிடைக்கிறது, சுபம். பிறகு தேடிப் படித்தால், அவர் தேடியது இன்காக்களின் கடைசித் தலைநகரான வில்கபாம்பா என்ற வேறு ஊராம். அதே வருஷம் அங்கேயும் போயிருக்கிறாராம், ஆனால் அதுதான் இது என்று புரியவில்லையாம்! தேடின ஊருக்குள்ளேயே நின்றுகொண்டு ஒரு மனுஷனுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்?

கரிக்கட்டி:
'கண்டுபிடித்தார்' என்ற வார்த்தையே இடிக்கிறது. அவர் ஏறிப்போனபோது மேலே ரிச்சார்த்தே, அல்வாரெஸ் குடும்பங்கள் இன்கா கட்டிய அடுக்கு வயல்களில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவருக்குச் சுரைக்குடுக்கையில் தண்ணீரும், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொடுத்தார்கள். ஒரு கோயில் சுவரில் 'லிசாராகா 1902' என்று கரியால் எழுதியிருந்தது. வழிகாட்டின அர்தேயாகாவுக்குக் கூலி ஒரு சோல் வெள்ளிக்காசு. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

நடைப்பித்து:
கரிக்கட்டி சொல்வது சரி, ஆனால் கேள்வி அதில்லை. போன வருஷம் ஹுவாங்காகாயேவிலிருந்து எஸ்பிரிட்டு பாம்பா (அந்த வில்கபாம்பாவின் இன்றைய பெயர்) வரை மூன்று நாள் நடந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவன் என்பதால் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1536ல் ஸ்பானியரை எதிர்த்துக் கிளம்பிய மன்னர் மான்கோ இன்கா, பழைய தலைநகர் குஸ்கோவை மீட்க முடியாமல் காட்டுப்பக்கம் ஒதுங்கினார். மேலே மலையில் விட்கோஸ், கீழே வெக்கையான காட்டில் வில்கபாம்பா. 1572ல் ஸ்பானியப் படை வில்கபாம்பாவுக்குள் நுழைந்தபோது ஊர் எரிந்து கிடந்தது, ஆள் இல்லை. தப்பி ஓடிய கடைசி இன்கா மன்னர் டூபாக் அமாருவைத் துரத்திப் பிடித்து, குஸ்கோவில் தலையை வெட்டினார்கள். ஊரைக் காடு மூடியது.

பிங்ஹாம் துப்புத் துலக்குவதில் கெட்டிக்காரர்தான். விட்கோஸ் பக்கத்தில் ஊற்றுக்கு மேல் ஒரு வெள்ளைப் பாறை உண்டு என்று கலாஞ்சா என்ற பாதிரியார் எழுதிவைத்திருந்தார். அந்தப் பாறை எங்கே என்று ஊர் ஊராய்க் கேட்டு, ஆகஸ்டில் விட்கோஸைப் பிடித்தார். அடுத்து எஸ்பிரிட்டு பாம்பா. அங்கே சாவேத்ரா என்று ஒரு கரும்புக்காரர். அவர் பாகு காய்ச்சும் பானையே மண்ணுக்கடியில் கிடைத்த பழைய இன்கா பானை!

இங்கேதான் கோட்டை விட்டார். காட்டில் சில சிதைந்த கட்டடங்கள், கூடவே ஸ்பானிய பாணியில் சுட்ட செங்கூரை ஓடுகள், அரை டஜன் இருக்கும். ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவரவில்லை. குஸ்கோவில் ஓட்டு வீட்டைப் பார்த்த எவனோ இன்கா இங்கே செய்து பார்த்திருக்கிறான், சரியாக வரவில்லை போல என்று எழுதினார். பாதி சரி! ஆனால் ஸ்பானியரோடு ஒரே காலத்தில் வாழ்ந்து, அவர்கள் கூரையைக் காப்பியடிக்கும் இன்கா வேறெங்கே இருப்பான்? அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. உணவு தீர்ந்தது, திரும்பிவிட்டார். பெரும்பகுதிக் கட்டடங்கள் அவர் நின்ற இடத்தைத் தாண்டி மரங்களுக்குள்தான் இருந்தன.

1964ல் ஜீன் சவோய் என்ற அமெரிக்க ஆய்வுப்பயணி வந்து காட்டை வெட்டினபோதுதான் ஊரின் அளவு தெரிந்தது. வில்கபாம்பாவில் இன்காவின் மாளிகைக்கு ஓட்டுக்கூரை என்று மூருவா என்ற பாதிரியார் எழுதியதையும் இந்த ஓடுகளையும் 1970ல் வரலாற்றாசிரியர் ஜான் ஹெம்மிங் சேர்த்துப் பொருத்திக் காட்டினார். கரும்பும் கிளியும் உள்ள ஊர் என்றும் மூருவா சொல்கிறார். எஸ்பிரிட்டு பாம்பா சுமார் 1,500 மீட்டர், மச்சு பிச்சு 2,430. அந்தக் குளிரில் எங்கே கரும்பு?

புத்தகப்பூச்சி:
அப்புறம் ஏன் மச்சு பிச்சுவைத்தான் வில்கபாம்பா என்று சாதித்தார்?

நடைப்பித்து:
என் அபிப்பிராயம்: மயக்கம். அப்படி ஒரு கல்வேலையைப் பார்த்தவருக்கு, பாசி பிடித்த சாதாரணச் சுவர் கடைசித் தலைநகராக இருக்கும் என்று மனசு ஒப்பவில்லை. மச்சு பிச்சுவில் கிடைத்த எலும்புகளில் பெண்களே அதிகம் என்று அவர் குழு சொன்னதும் சூரியனுக்கு நேர்ந்துவிட்ட கன்னியர் வாழ்ந்த ஊர் என்று கதை வளர்ந்தது. பிற்பாடு எலும்பு ஆய்வாளர் ஜான் வெரானோ அதே எலும்புகளைப் பார்த்து, ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமம் என்றார். மச்சு பிச்சு பச்சாகுட்டி என்ற இன்கா மன்னரின் சொந்தப் பண்ணை என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கருத்து.

கரிக்கட்டி:
அந்த ஓடு இன்னும் கிடக்கிறதா?

நடைப்பித்து:
கிடக்கிறது. ராட்சத வேர்களுக்கு நடுவே, பாசியோடு. குனிந்து ஒன்றைத் தொட்டேன். சில்லென்று, ஈரமாக, நம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. ஓரத்தில் வளைவு மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. வைத்துவிட்டு வந்தேன். போவதாக இருந்தால் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், மழையில் அந்த இறக்கம் வழுக்கும்.