ஒரு பக்கம் மட்டும் வற்றிப்போன மார்பக இம்ப்ளான்ட்: விட்டுவிடலாமா, எடுக்கணுமா?

கொழிஞ்சாம்பாறை:
அக்காவுக்கு 2011-ல் வைத்தது. சலைன் வகை, 275 சிசி, தசைக்கு அடியில். இப்போது மூன்றே நாளில் இடது பக்கம் சப்பையாகிவிட்டது. வலி, காய்ச்சல் இல்லை. புதிதாக வைக்க விருப்பமில்லை என்கிறார். கோவை, திருச்சூர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆபத்தா? ஸ்கேன் வேணுமா?

தியேட்டர் நர்ஸ்:
சலைன் இம்ப்ளான்டுக்குள் இருப்பது டிரிப்ஸில் ஏற்றும் அதே உப்புத்தண்ணீர்தான். உடம்பு உறிஞ்சி வெளியேற்றிவிடும், ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டாம். பார்த்தாலே தெரிவதற்கு ஸ்கேன் எதற்கு? உறை மடிந்த இடத்தில் தேய்ந்து விரிசல் விட்டிருக்கும், இல்லையென்றால் வால்வு கசிந்திருக்கும். நாள்பட விட்டால், இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பே உருவாக்கிய தழும்புப் பை சுருங்கும். அது புதிதாக மாற்றி வைத்துக்கொள்பவர்களுக்குத்தான் தலைவலி.

எடுப்பது உறுதி என்றால், வலது பக்கத்தையும் ஓ.பி.யிலேயே மரத்துப்போக ஊசி போட்டு உறிஞ்சி வற்றவைக்க முடியுமா என்று கேளுங்கள். 3, 4 வாரத்தில் தோல் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். தொங்கும் மார்பைத் தூக்கித் தைப்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

வாளையார் ரோடு:
சிலிக்கோன் ஜெல் நிரப்பியது என்றால் கதையே வேறு. உள்ளே கிழிந்தாலும் பெரும்பாலும் வடிவம் மாறாது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 5-6 வருடத்தில் முதல் ஸ்கேன், பிறகு 2-3 வருடத்துக்கொரு முறை எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் என்கிறது. மேமோகிராமை மட்டும் நம்பக் கூடாது.

"தழும்புப் பையோடு முழுசாக எடுத்தால்தான் சுத்தம்" என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். மெல்லிய, நல்ல பையை விட்டுவிடலாம். விலா எலும்போடு ஒட்டியதைச் சுரண்டப்போய் நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்தால் வம்பு. வைத்தது சொரசொரப்பான உறையா என்று மட்டும் பாருங்கள்: அலர்கான் கம்பெனியின் பயோசெல் வகையை 2019 ஜூலையில் திரும்பப் பெற்றார்கள், அபூர்வமான ஒரு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) காரணமாக. வருடங்கள் கழித்து நீர் கோத்து வீங்கினால் அந்த நீரை, இந்த லிம்போமாவைக் கண்டுபிடிக்க உதவும் சிடி30 பரிசோதனைக்கு அனுப்பணும். இம்ப்ளான்ட் கார்டு தொலைந்திருந்தால், பழைய கேஸ் ஷீட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் லாட் நம்பர் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை:
நன்றி. எடுத்த பிறகு?

தியேட்டர் நர்ஸ்:
நீர் வடிய ட்யூப் வைத்தால், வடிவது 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அமுக்கிப் பிடிக்கும் பிரா 4-6 வாரம். குடம் தூக்குவது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது இரண்டும் கூடாது. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்கி இறுகினால் ரத்தக்கட்டு, உடனே போகணும். எடுத்த இம்ப்ளான்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வாரண்டி கேட்டால் கம்பெனி அதைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம்.