மூன்று மணி நேரம் என்ன, சும்மா வந்ததா?

ஆரணிச் சேலைக்காரர்:
"பெரிய இணையதளத்தைத் தாக்கினால் யாருக்கு என்ன நட்டம்? 2000 பிப்ரவரியில் யாஹூவே மூன்று மணி நேரம்தான் முடங்கிக் கிடந்தது." நேற்று காட்பாடி முதலீட்டாளர் இங்கே எழுதியது இது. படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மூன்று மணி நேரம்தானாம்! தீபாவளிக்கு முந்தின நாள் வேலூர் லாங் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்காரரை மூன்று மணி நேரம் ஷட்டரை இறக்கிவிட்டு உட்காரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

போன ஆடித் தள்ளுபடியின்போது, யாஹூவுக்குச் செய்தது போலவே, என் தளம் இருந்த சர்வரில் எவனோ பொய்க் கோரிக்கைகளாகக் கொட்டினான். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விளம்பரத்துக்கு ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம். பக்கம் திறக்கவில்லை, ஆனாலும் பணம் கழிந்துகொண்டே இருந்தது. மடித்து வைத்த சேலைகள் மேசையில் அப்படியே கிடந்தன. கூரியர் பையன் வெறும் சாக்கோடு திரும்பினான்.

காட்பாடி முதலீட்டாளர்:
ஐயா, நான் பேசியது முதலீட்டாளரைப் பற்றி, சேலையைப் பற்றி அல்ல. பை.காம் (Buy.com) என்ற இணையக் கடை நிறுவனத்தின் பங்கு சந்தைக்கு வந்ததே 2000 பிப்ரவரி 8 அன்றுதான். அதே நாளில்தான் அதன் தளமும் தாக்கப்பட்டது. 13 டாலருக்கு வெளியிட்ட பங்கு அன்று மாலை ஏறக்குறைய இரண்டு மடங்கில் நின்றது. எந்த முதலீட்டாளர் அழுதார்?

ஆரணிச் சேலைக்காரர்:
அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தை அதன் நிறுவனரே பங்கு ஒன்றுக்கு 17 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

காட்பாடி முதலீட்டாளர்:
அது தாக்குதலால் அல்ல. 2000 மார்ச் 10 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான நாஸ்டாக் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது. அந்தச் சரிவில் இணைய நிறுவனங்கள் பலவும் விழுந்தன. யாஹூவையும் பை.காமையும் தாக்கிய கனடாவின் 15 வயதுப் பையன் ஒருவன் செய்த வேலை சந்தையைக் கவிழ்த்தது என்று கதை கட்டாதீர்கள்.

பாலாற்றங்கரை:
இருவரும் இரண்டு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். தளத்தை முடக்குவது ஒன்று, வாடிக்கையாளர் விவரங்களைத் திருடுவது வேறொன்று. 2017இல் மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸிடமிருந்து 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் களவு போனது தெரிந்ததும், சில நாட்களில் அதன் பங்கு விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் போய்விட்டது. யாஹூவிடமிருந்து விவரங்கள் களவு போனது வெளிப்பட்டதும், அதை வாங்கவிருந்த அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் பேசிய விலையில் 35 கோடி டாலரைக் குறைத்தது. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

ஆரணிச் சேலைக்காரர்:
அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. மூன்று மணி நேரத்துக்கு அவர் பதில் சொல்லட்டும்.

போளூர்க்காரன்:
ஒரு சந்தேகம். வேலூரில் கடை வைத்துக்கொண்டு ஆரணி பெயரை எதற்குப் போட்டுக்கொள்கிறீர்கள்? ஆரணி எங்கள் திருவண்ணாமலை மாவட்டம்.

ஆரணிச் சேலைக்காரர்:
1989இல் கோடு போட்டுப் பிரித்தார்கள். என் அப்பா ஆரணியில் தறியில் உட்கார்ந்தபோது எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவனிடம் வரைபடம் காட்டாதீர்கள்.

போளூர்க்காரன்:
பட்டு எங்களுடையது, பெயர் மட்டும் உங்களுக்கா?

காட்பாடி முதலீட்டாளர்:
பார்த்தீர்களா, பேச்சு எங்கே போகிறது என்று! முடங்கியதால் பங்கு விழுந்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டேன். இன்னும் வரவில்லை.

ஆரணிச் சேலைக்காரர்:
இதோ தருகிறேன். 2020 ஆகஸ்டில் நியூசிலாந்தின் பங்குச் சந்தையையே இதே முறையில் தாக்கினார்கள். தொடர்ந்து நான்கு நாட்கள் வணிகம் தடைப்பட்டது. பங்கு உங்கள் கையில் இருக்கிறது, பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது, விற்க முடியவில்லை. அது முதலீட்டாளருக்கு நட்டம் இல்லையா?

காட்பாடி முதலீட்டாளர்:
விலை விழுந்ததா, இல்லையா?

ஆரணிச் சேலைக்காரர்:
விற்க முடியாதவனுக்கு விலை எதற்கு ஐயா?

காட்பாடி முதலீட்டாளர்:
விலை விழுந்ததா, இல்லையா? நான் 20 ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கிறேன். எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

பாலாற்றங்கரை:
முடக்கமா, திருட்டா என்று நான் கேட்டதை ஒருவரும் தொடவில்லை.

ஆரணிச் சேலைக்காரர்:
20 ஆண்டுகளாகச் சந்தையில் இருந்தவருக்கு ஒரு கடையில் மாலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அன்று என் பக்கம் திறக்காமல் வேறு கடையில் வாங்கிய கோயம்புத்தூர் அம்மா இதுவரை திரும்பி வரவில்லை. அவர் எனக்கு ஆறு வருட வாடிக்கையாளர். மூன்று மணி நேரம்தான் என்று எழுதியதை முதலில் திரும்பப் பெறுங்கள். அப்புறம் பங்கு விலையைப் பேசலாம்.

காட்பாடி முதலீட்டாளர்:
திரும்பப் பெற மாட்டேன்.

போளூர்க்காரன்:
ஆரணி பெயரை எப்போது மாற்றுவீர்கள்?